பழைய ராணுவப் பையைக் கையால் தைத்தால்: எங்கே பிரிகிறது, ஏன் பிரிகிறது, என்ன செய்வது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்த சாக்கின்மேல் ஒரு காக்கிப் பை கிடந்தால் எனக்குக் கால் அங்கேயே நின்றுவிடும். ராணுவம் கழித்த கான்வாஸ் பை, பருத்திப் பட்டை, போஞ்சோ என்கிற தலைமூடி வைத்த மழைப்போர்வை, தடித்த காக்கிக் கால்சட்டை என்று ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்து, மலைக்கும் காட்டுக்கும் எடுத்துப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். பழுது பார்த்துப் பார்த்துப் பயன்படுத்த வசதியான சாமான்கள் இவை. பிரிட்டிஷ் படை 1937இல் கொண்டுவந்த பட்டைச் சாமான் வரிசையையே (இடுப்பு வார், தோள் வார், பைகள் எல்லாம் சேர்ந்த தொகுதி) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலும் அதை ஏராளமாகச் செய்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நம் படையில் வெகுகாலம் புழங்கியது. நெருக்கமாக நெய்த பருத்தி, பித்தளை பக்கிள், வெளியே தெரிகிற தையல், அவ்வளவுதான். ஊசியும் நூலும் இருந்தால் எந்த இணைப்பையும் பிரித்து மறுபடி தைத்துவிடலாம்.

ஆனால் தைத்தது நிற்க வேண்டுமே. ஒரே பயணத்தில் தையல் விட்டுவிட்டது என்று பையைக் கொண்டுவந்து காட்டும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதைவிடக் கெட்டியான நூல் எங்கே கிடைக்கும்?" பெரும்பாலும் நூல்மேல் குற்றமே இருக்காது. துணியா, நூலா, இழுவையா, மூன்றில் எது தோற்றது என்று பார்க்காமல் ஊசியைக் கையில் எடுத்ததுதான் பிசகு. அதனால் இங்கே அறிகுறியை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். உங்கள் பையில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம். முதலில் வரும் சோதனைகளை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

ஊசி எடுப்பதற்கு முன்

துணியில் வெயில் அதிகம் பட்ட இடமாகப் பாருங்கள். மூடியின் மேல்பக்கம், மடிப்பு விளிம்பு மாதிரி. அங்கே இரண்டு கட்டைவிரல்களையும் நகத்தோடு நகம் சேர்த்து வைத்துப் பிடித்து, மணிக்கட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி இழுங்கள். நல்ல கான்வாஸ் விறைத்து நிற்கும், விடாது. மக்கிய கான்வாஸ் பழைய செய்தித்தாள் மாதிரி மெல்லிய சத்தத்தோடு பிரிந்து வரும். கிழிந்த ஓரத்தில் நீள இழை நிற்காது, குட்டை குட்டையாகத் தூசி பறக்கும். அப்படி வந்தால் அந்தத் துணி எந்தத் தையலையும் தாங்காது. பக்கிளையும் கொக்கியையும் கழற்றி வைத்துக்கொண்டு துணியை விட்டுவிடுங்கள். இதைச் சந்தையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்னால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓரத்தில் செய்து பார்ப்பது நல்லது.

அடுத்தது நெருப்பு. உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் உதிரும். நைலானோ பாலியெஸ்டரோ என்றால் சுருண்டு உருகிக் கெட்டி மணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியும் உண்டு. அது எரியவும் செய்யும், ஓரத்தில் கட்டியும் தட்டும். எந்த நூல், எந்தப் பூச்சு, எப்படித் துவைப்பது எல்லாம் இதை வைத்துத்தான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பழைய கூடாரத் துணியின் பச்சை வெறும் சாயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பூஞ்சை அண்டாமலிருக்க ஏற்றிய தாமிர உப்பாகவும் இருக்கலாம். அந்தத் துணியில் தின்பண்டப் பை தைக்காதீர்கள். வெட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். படைப்பிரிவுச் சின்னமோ பெயர்ப்பட்டையோ ஒட்டியிருந்தால் பிரித்து எடுத்துவிடுங்கள். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தில் ராணுவ உடையையோ சின்னத்தையோ அணிவது நம் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அது ஒருவர் உழைத்துப் பெற்ற சின்னம். நம் பையில் அதற்கு வேலை இல்லை.

நூல் அறுந்திருக்கிறது, துணி நன்றாக இருக்கிறது

இருக்கும் பழுதுகளில் சுலபமானது இதுதான். பழைய பைகளைத் தைத்தது பெரும்பாலும் பருத்தி நூல். துணியைவிட நூல் மெலிசு என்பதால் ஈரமும் வெயிலும் அதைத்தான் முதலில் தின்னும். அறுந்த இடத்தை மட்டும் தைத்து நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் நூலை நகத்தால் நெருடிப் பாருங்கள். பொடிப்பொடியாக வருகிற தூரம்வரை பிரித்துவிட்டு, நல்ல தையலுக்குள் ஓர் அங்குலம் உள்ளே போய் ஆரம்பியுங்கள்.

புதுத் துளை போட வேண்டாம். பழைய துளைகள் வரிசையாக இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவற்றிலேயே ஊசியை விட்டுக் கெட்டித் தையல் போடுங்கள்: ஒரு தையல் நீளம் முன்னால் போய், அதில் பாதி பின்னால் வந்து, மறுபடி முன்னால். முன்னால் மட்டுமே போகிற ஓட்டுத் தையல் போட்டால் ஓரிடத்தில் அறுந்தாலே மொத்த வரியும் உருவிக்கொண்டு வரும்.

நூலுக்கு என் சிபாரிசு பாலியெஸ்டர், தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தது. பருத்தி நூலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நனைந்தால் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது மக்கிவிடும். நைலான் கெட்டிதான், நனைந்தால் கொஞ்சம் பலம் குறையும், வெயிலில் பாலியெஸ்டரைவிடச் சீக்கிரம் நலியும். மீன்பிடி நரம்பு வேண்டவே வேண்டாம். அது துணியை அறுக்கும், முடிச்சும் நிற்காது.

தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே துணி கிழிகிறது

எனக்கு வரும் பைகளில் இதுதான் அதிகம். "நூல் அப்படியே இருக்கிறது பாருங்கள், துணிதான் போய்விட்டது" என்பார்கள். நூல் அப்படியே இருப்பதுதான் கோளாறு. பாரம் மிஞ்சும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் அறுந்தால் பத்து நிமிடத்தில் திரும்பத் தைக்கலாம். துணி கிழிந்தால் அங்கே தைக்க இடமே இருக்காது. ஆகவே நூல் துணியைவிட ஒரு படி பலம் குறைந்ததாகத்தான் இருக்க வேண்டும். செருப்புக்கும் சோபாவுக்கும் தைக்கிற தடித்த நைலான் நூலை எண்பது வருடப் பருத்தியில் ஓட்டினால் அது ரம்பம் மாதிரிதான் வேலை செய்யும்.

கிழிந்த ஓரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

துளைகளைத் தொட்டுத் தொட்டு நேர்கோடாகக் கிழிந்திருந்தால் தையல் ரொம்ப நெருக்கம். தபால்தலை ஓரத்தில் துளை போட்டுக் கிழிக்கிற வேலையை நீங்களே செய்து கொடுத்திருக்கிறீர்கள். கான்வாஸுக்கு அங்குலத்துக்கு 5 அல்லது 6 தையல் போதும். பலம் வேண்டுமென்றால் அதே வரியில் நெருக்காமல், கால் அங்குலம் தள்ளி இரண்டாவது வரி போடுங்கள்.

துளைகள் நீண்டு கண்ணீர்த்துளி மாதிரி இழுபட்டிருந்தால் நூல் மெலிசாகவும் விறைப்பாகவும் இருந்து, ஒரே பக்கமாக இழுவை வந்திருக்கிறது. அங்கே உள்பக்கம் ஒட்டுத்துணி வைக்க வேண்டும்.

துளைகளின் ஓரத்தில் இழைகள் வெட்டுப்பட்டு முனை முனையாக நின்றால் குற்றவாளி ஊசி. நம் வீடுகளில் தடித்த ஊசி என்றால் கோணி ஊசிதான். அதன் முனையை விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள்: தட்டையாக, ஓரத்தில் விளிம்போடு இருக்கும். சணல் சாக்கில் இழைக்கு இழை இடைவெளி அதிகம், அங்கே அது ஒன்றும் செய்யாது. நெருங்கிய கான்வாஸில் அந்த விளிம்பு இழையை விலக்காமல் வெட்டிக்கொண்டு போகும். தோல் தைக்கிற மூன்று பட்டை ஊசியும் அப்படித்தான். கான்வாஸுக்கு உருண்டை முனை உள்ள தடித்த ஊசி வேண்டும். கோணி ஊசி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், முனையின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து உருட்டிக்கொள்ளுங்கள். நான் அப்படித் தேய்த்த ஒன்றைத்தான் இன்னமும் வைத்திருக்கிறேன்.

கிழிந்ததைச் சரிசெய்ய, கிழிசலை இழுத்து மூடித் தைக்காதீர்கள். உள்ளே அதே எடையுள்ள பழைய துணியில், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக ஒட்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள்; கூர்மூலையில்தான் அடுத்த கிழிசல் தொடங்கும். புதுத் துணி என்றால் முதலில் வெந்நீரில் துவைத்துச் சுருங்கவிடுங்கள், இல்லையென்றால் முதல் மழையில் ஒட்டு சுருங்கிப் பழைய துணியையும் இழுக்கும். ஒட்டின் இழை ஓட்டமும் பையின் இழை ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். ஓரத்தை மடித்துச் சுற்றித் தைத்த பிறகு, கிழிசலின் இரு கரையையும் ஒட்டோடு சேர்த்துத் தளர்வாகத் தையுங்கள்.

பையின் தோள்பட்டை அடியோடு பிய்ந்து வருகிறது

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி, திரும்பி ஏறும்போது பாதி வழியில் என் பையின் இடது தோள்பட்டை விட்டது. பை ஒற்றைத் தோளில் தொங்க, மீதிப் படியை ஏறி முடித்தேன். ஊருக்கு வந்ததும் எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். அவர் நூலைப் பார்க்கவே இல்லை. பையைத் தன் தோளில் மாட்டிப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ மேல பாத்துத் தச்சிருக்க தம்பி. சொம வெளிய பாத்துல்ல இழுக்குது."

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வெல்க்ரோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இரண்டு பட்டைகளையும் எதிரெதிராக நீளவாக்கில் இழுத்தால் லேசில் வராது. ஓரத்தைப் பிடித்து உரித்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும். தையலும் அப்படித்தான். பட்டை படுத்தவாக்கில் இழுபட்டால் எல்லாத் தையலும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். உரிபட்டால் ஓரத்துத் தையல் ஒன்றே மொத்தச் சுமையையும் வாங்கும். அது போனதும் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது.

சரிசெய்யும் முறை இது. பையில் நீங்கள் வழக்கமாகத் தூக்குகிற பாரத்தைப் போட்டு, பட்டையை ஊக்கால் குத்தி, தோளில் மாட்டிக் கண்ணாடியில் பாருங்கள். பட்டை எந்தக் கோணத்தில் பையைவிட்டுக் கிளம்புகிறதோ, அந்தக் கோணத்திலேயே சாக்பீஸால் கோடு போடுங்கள். பட்டையின் முனையை ஓர் அங்குலம் மடித்துக்கொள்ளுங்கள். பையின் உள்பக்கம், பட்டையைவிட இரண்டு அங்குலமாவது அகலமான கான்வாஸ் ஒட்டு ஒன்று வையுங்கள். இந்த ஒட்டு இல்லாமல் செய்கிற எந்தத் தையலும் வீண். பட்டையின் மூட்டின்மேல் ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெருக்கல் குறி: இதுதான் தையல் வரைபடம். கட்டத்தின் மேல் விளிம்பில், உரிதல் தொடங்குகிற இடத்தில், குறுக்குத் தையலை மட்டும் இரட்டை வரியாகப் போடலாம்.

இந்த இடத்துக்கு ஒற்றை ஊசி போதாது, இரட்டை ஊசித் தையல் போடுங்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் முனைக்கொரு ஊசி. முதலில் குத்தூசியால் துளை போடுங்கள். வலது ஊசியை இந்தப் பக்கமிருந்து விட்டு, நூலின் இரு பாதியும் சமமாக வரும்வரை இழுங்கள். அடுத்த துளையில் வலது ஊசி முதலில் போகட்டும். அது பாதி வந்ததும் அதே துளையில் இடது ஊசியை எதிர்ப்பக்கமிருந்து விடுங்கள். இடது ஊசி முதல் நூலின் நடுவில் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால் தாராளமாக நகர வேண்டும். நகராவிட்டால் குத்திவிட்டீர்கள், இடது ஊசியை எடுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். பிறகு இரு கையாலும் ஒரே நேரத்தில் இழுங்கள். நூல் துணியில் பதிய வேண்டும், துணி சுருங்கக் கூடாது. இந்தத் தையலில் ஒரு நூல் தேய்ந்து அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும், வீடு வந்து சேரலாம். தைக்கும் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு நூல் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் நூல் தீர்ந்துபோவது பெரிய எரிச்சல்.

தைக்கும்போதே நூல் சிக்கு விழுகிறது, அறுகிறது, ஊசி ஏறவில்லை

சிக்கு விழுந்தால் நூல் நீளம் அதிகம், அல்லது முறுக்கேறிவிட்டது. இரண்டு கையையும் விரித்த அளவுக்கு மேல் வெட்டாதீர்கள். பத்துத் தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிடுங்கள், அதுவே சுழன்று முறுக்கை இறக்கிவிடும்.

நூல் ஊசிக்கண் அருகில் மட்டும் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்தால் ஊசிக்கண்ணில் பிசிறு இருக்கிறது. ஊசியை மாற்றிவிடுங்கள். நூலின் எல்லா இடமும் பிய்ந்தால் துளை சின்னது. குத்தூசியால் முன்பே துளை போட்டுக்கொண்டு தையுங்கள்.

ஊசி ஏறாவிட்டால் முனையை மெழுகில் ஒருமுறை குத்தி எடுங்கள். பட்டை நாலு மடிப்பாக இருக்கும் இடத்தில் கையால் தள்ளி ஊசியை உடைத்துக்கொள்வதைவிட, சின்னக் குறடால் பிடித்து நேராக இழுப்பது மேல். குறடைப் பக்கவாட்டில் திருகினால் ஊசி பட்டென்று போகும். உள்ளங்கைக்கு ஒரு பழைய தோல் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் முழுதும் சுருக்கம் சுருக்கமாக இழுக்கிறது

இறுக்கி இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். நைலான் நூல் என்றால் இன்னும் மோசம், இழுக்கும்போது நீண்டுகொடுத்துவிட்டு, கையை எடுத்ததும் சுருங்கும். சுருக்கம் அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. அந்த வரி மற்ற துணிக்கு முன்னால் பாரத்தை வாங்கிக்கொள்ளும். பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

முடிச்சு அவிழ்கிறது

முடிச்சே போடாதீர்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் வந்த வழியே மூன்று நாலு தையல் திரும்பிப் போய் நூலை வெட்டுங்கள். பாலியெஸ்டர், நைலான் நூலின் முனையை நெருப்பில் லேசாகக் காட்டிக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அமுக்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

அவசரத்துக்கு உடனடிப் பசையைச் சொட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பருத்தியில் அந்தப் பசை பட்டால் சூடேறும். நிறையக் கொட்டினால் புகையும், விரலும் சுடும். காய்ந்த பிறகு அந்த இடம் கண்ணாடி மாதிரி விறைத்து, அதன் ஓரத்திலேயே துணி உடையும்.

மழையில் தையல் வழியே தண்ணீர் இறங்குகிறது

நனைந்தால் பருத்தி இழை ஊதி நெசவை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் நல்ல கான்வாஸ் முதல் பத்து நிமிடம் கசிந்துவிட்டுப் பிறகு தாக்குப்பிடிக்கும். பாலியெஸ்டர் நூல் ஓடிய தையல் துளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தேன்மெழுகுக் கட்டியைத் தையல் வரியின்மேல் வெளிப்பக்கமிருந்து அழுத்தித் தேய்த்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுங்கள். மெழுகு உருகித் துளைக்குள் இறங்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்பதால் தோளில் கிடக்கும்போது ஓடிவிடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் போட்டுவைக்காதீர்கள்.

பை முழுக்க மெழுகு ஏற்றுவது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சரி, நமக்குப் பிசுக்கும் புழுதியும்தான் மிச்சம். நான் செய்வது சோப்பும் படிகாரமும். 5 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் சோப்பைச் சீவிக் கரைத்து, துணியை நன்றாக ஊறவைத்துப் பிழியாமல் காயப்போடுங்கள். காய்ந்த பிறகு, இன்னொரு 5 லிட்டர் வெந்நீரில் 150 கிராம் படிகாரம் கரைத்து அதில் சில மணி நேரம் முக்கி எடுத்து மறுபடி உலர்த்துங்கள். சோப்பும் படிகாரமும் இழைக்குள்ளேயே சேர்ந்து தண்ணீரில் கரையாத அலுமினியச் சோப்பாக மாறிவிடும். மழைத்துளி முத்தாக உருண்டு ஓடும். படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சோப்பு மட்டும் உண்மையான சோப்பாக இருக்கட்டும். துணிக்கட்டி என்று விற்பதில் பல டிடர்ஜென்ட். அதில் இந்த வேலை நடக்காது. பின்னால் டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்தாலும் ஏற்றியதெல்லாம் போய்விடும்.

போஞ்சோவைக் கூரையாகக் கட்டினால் மூலை கிழிகிறது, நடுவில் சொட்டுகிறது

மூலைக் கண்ணியை (கயிறு கோக்கும் வளையத்தை)ச் சுற்றித் துணி கிழிவது காற்றின் உதறலால். நேராகக் கயிற்றைக் கண்ணியில் கட்டி இறுக்காமல், நடுவே ரப்பர் வளையம் ஒன்றைக் கோத்தால் உதறல் அடங்கும். கண்ணி ஏற்கெனவே போய்விட்டதென்றால் தைக்கவே வேண்டாம்: ஒரு கூழாங்கல்லை மூலையில் துணியோடு சேர்த்துப் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். துளையே இல்லாத பிடி, எந்தக் கண்ணியையும்விட நம்பகமானது.

நடுவில் சொட்டுவது தலைமூடித் துளை வழியாக. தலைமூடியை மேல்நோக்கி முறுக்கிக் கழுத்தில் கட்டி, கட்டிய அந்தக் கழுத்தையே மேலே ஒரு கிளைக்குத் தூக்கிக் கட்டுங்கள். கூரை நடுவில் உயர்ந்து நிற்கும், தண்ணீர் தேங்காது.

போஞ்சோவின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வாடை வந்தால் அது வேறு நோய். தண்ணீர் புகாமலிருக்க நைலானில் பூசிய பாலியூரிதேன் பூச்சு வருடக்கணக்கில் ஈரக்காற்றில் மடித்துக் கிடந்து சிதைந்துவிட்டது. பவுடர் தூவினால் ஒருநாள் அடங்கும், சரியாகாது. வாங்கும்போதே மடிப்பை விரித்துப் பாருங்கள். பிரிக்கும்போது சரசரவென்று ஒட்டிப் பிரிந்தால் வேண்டாம்.

அட்டைக் காலுறைக்குள் அட்டை புகுந்துவிடுகிறது

ரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறாமலிருக்க மாட்டும் துணிக் காலுறை இது; வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் நடப்பவர்களுக்கு முக்கியம். ராணுவக் கால்சட்டையின் நெருங்கிய பருத்தி அட்டைக் காலுறைக்கு அருமையான துணி. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி ஏறக்குறைய அந்த அளவிலேயே இருக்கும். அட்டை பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை, தையல் வழியாகத்தான் வரும். பசியோடு இருக்கும் அட்டை நூல் மாதிரி மெலிந்திருக்கும், ஓட்டுத் தையலின் இடைவெளி அதற்குத் தாராளம்.

காலுறையை விரித்து வெளிச்சத்தில் தையலைப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் வாசல். தையலை இரட்டை மடிப்பாக மாற்றுங்கள்: இரண்டு துணியையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே கெட்டித் தையல் போடுங்கள். ஓர் ஓரத்தைப் பாதியாக வெட்டிவிட்டு, மற்ற ஓரத்தை அதன்மேல் மடித்து மூடி, படுக்கவைத்து இரண்டாவது தையல். ஜீன்ஸ் காலின் பக்கத் தையலைப் பார்த்தால் புரியும். மேல் விளிம்பில் எலாஸ்டிக் போதாது, கட்டும் நாடாவும் வேண்டும். பாதத்தில் தையல் கால்விரலுக்கு மேலே வரட்டும். அடியில் வந்தால் கொப்புளம் நிச்சயம்.

பூஞ்சை வாடை போகவில்லை

வெயிலில் இரண்டு நாள், திருப்பித் திருப்பி. காய்ந்தபின் பிரஷால் வீட்டுக்கு வெளியே தட்டுங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்து, மறுபடி வெயில். பிளீச் ஊற்றாதீர்கள், பருத்தியின் பலத்தையே தின்றுவிடும். கறுப்புப் புள்ளி மட்டும் தங்கினால் தங்கட்டும். கட்டைவிரல் சோதனையில் துணி தேறினால் புள்ளியோடு வாழலாம். பாலிதீன் பையில் கட்டிப் பரணில் போடுவதுதான் இந்த நோயை வரவழைக்கிறது, காற்றாடத் தொங்கவிடுங்கள்.

பக்கிள் பச்சை பூத்திருக்கிறது, ஜிப் பிரிகிறது

பித்தளைக்குப் புளி. நம் வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்கிற அதே முறைதான், பட்டையில் படாமல் தேய்த்து உடனே கழுவித் துடையுங்கள். தோலை ஒட்டியுள்ள பித்தளையில் பச்சையாக மெழுகு மாதிரி படிந்திருப்பது தோலின் எண்ணெயும் தாமிரமும் சேர்ந்தது; குச்சியால் சுரண்டினால் வந்துவிடும்.

ஜிப் பல் சேராமல் பின்னாலேயே பிரிந்தால் பல்லைக் குறை சொல்லாதீர்கள், ரன்னர் வாய் அகன்றிருக்கிறது. அதன் இரு பக்கத்தையும் குறடால் கொஞ்சமாக, சமமாக அமுக்குங்கள். உலோக ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். இதிலும் தீராவிட்டால் ஜிப்பை எடுத்துவிட்டுப் பட்டையும் பக்கிளும் வைத்துத் தையுங்கள், காட்டில் அதுதான் கைகொடுக்கும்.

பழைய பட்டையில் ஆள் தொங்கலாமா

கூடாது. எவ்வளவு அழகாகத் தைத்தாலும் கூடாது. நைலான் பட்டையும் பாராசூட் கயிறும் வெயிலில் பலம் இழப்பது கண்ணுக்கே தெரியாது. நிறம் லேசாக வெளுத்திருக்கும், தொட்டால் கொஞ்சம் சொரசொரக்கும், அவ்வளவுதான். அது எத்தனை வருடம் எந்தக் கூரையில் கிடந்தது என்று சந்தைக்காரருக்கும் தெரியாது. பாறை ஏறுவதற்கோ, ஊஞ்சல் படுக்கை கட்டுவதற்கோ, ஓடையைக் கடக்கப் பிடிகயிறாகவோ அதை எடுக்காதீர்கள். கையால் போட்ட தையலை நம்பி ஓர் உயிரைத் தொங்கவிடுவது எந்த நிலையிலும் சரியில்லை. அந்தப் பட்டையைப் பையின் பக்கத்தில் தண்ணீர்க் குப்பி மாட்டும் வளையமாகவோ, பாய் சுருட்டிக் கட்டும் வாராகவோ தையுங்கள். வெட்டிய முனையை மட்டும் நெருப்பில் காட்டி உருக்கிவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் தைத்து முடிப்பதற்குள் பாதிப் பட்டை இழை இழையாகப் பிரிந்திருக்கும்.